ஒரு பிரிண்டரை இரண்டு கம்ப்யூட்டருக்குப் பொதுவாக்கப் பட்ட பாடு

மன்னார்குடியில் வீட்டோடு சேர்ந்த முன்னறைதான் எங்கள் அலுவலகம். மாமா ஆவண எழுத்தர். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து தட்டச்சு என் பொறுப்பு. ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், அவ்வளவுதான் வெகுகாலம். போன தை மாதம் வேலை கூடிப்போய், 14,500 ரூபாய்க்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி உள்ளறையில் போட்டோம். பட்டா நகல் எடுப்பது, வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பது போன்ற வேலைகளுக்கு ஒரு தங்கச்சியையும் சேர்த்துக்கொண்டோம். பிரிண்டர் என் மேசையில், யூஎஸ்பி வயரில் என் கம்ப்யூட்டரோடு இருந்தது. அவள் கம்ப்யூட்டரிலிருந்தும் அதில் அச்செடுக்க வேண்டும். கேட்க எவ்வளவு சின்ன விஷயம்! அதற்கு எனக்கு மூன்று மாதமும் பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாயும் ஆயின. முதலிலேயே யாராவது உட்கார்த்திவைத்துச் சொல்லியிருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் சில வாரம் பென் டிரைவில் ஓட்டினோம். அவள் அங்கிருந்து எழுந்து வருவாள், நான் என் வேலையை நிறுத்தி அவள் கோப்பைத் திறந்து அச்செடுத்துக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இருக்கும். கால்வலியைக்கூடப் பொறுக்கலாம், பெரிய தொல்லை வேறு. அவள் கம்ப்யூட்டரில் எட்டுப் பக்கமாக இருந்த கிரயப் பத்திரம் என்னுடையதில் ஒன்பதாகும். எழுத்துரு ஒன்றாக இருந்தாலும் வேர்டு பதிப்பு வேறு, வரி தள்ளிப்போகும். நான்கெல்லை விவரம் பாதி ஒரு தாளில், மீதி அடுத்த தாளில். மொத்தப் பக்க எண்ணிக்கையை ஒவ்வொரு தாளிலும் போடுகிற பத்திரத்தில் இது விளையாட்டு இல்லை. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் அடித்தோமோ அதிலிருந்தே அச்சுக்கு அனுப்பினால்தான் பக்கம் மாறாமல் இருக்கும். பிரிண்டரைப் பொதுவாக்க நினைத்ததே இதற்காகத்தான்.

கடைத்தெருவில் விசாரித்து ஒரு சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டோம். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். உள்ளறையிலிருந்து அனுப்பிய முதல் தாள் என் மேசையில் வந்து விழுந்தபோது அந்தத் தங்கச்சி கைதட்டியேவிட்டாள். சரியாக நான்கு நாள். ஐந்தாம் நாள் மதியம் கரண்ட் போய் வந்தது, அதற்கப்புறம் அவள் திரையில் 'ஆஃப்லைன்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டோம், 400 ரூபாய். இன்னொரு மின்வெட்டு, இன்னொரு 400. ஏன் நிற்கிறது என்று கேட்டால், "பழைய சிஸ்டம்க்கா, அப்படித்தான்" என்பார். நானும் நம்பினேன்.

உண்மையான காரணம் பின்னால்தான் தெரிந்தது. வீட்டில் இருக்கும் இணைய மோடம்தான் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.1.5 என்பதுபோல ஒரு ஐபி எண் கொடுக்கிறது. அது நிரந்தரமான எண் இல்லை. மோடம் அணைந்து எழுந்தால் யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஒன்று, அடுத்தவருக்கு ஒன்று என்று மாற்றிக் கொடுத்துவிடலாம். அந்தத் தம்பி என் கம்ப்யூட்டரின் அன்றைய எண்ணை அவள் கம்ப்யூட்டரில் எழுதிவைத்துவிட்டுப் போவார். கரண்ட் போனால் எண் மாறும், பிரிண்டர் காணாமல் போகும். ஒவ்வொரு தடவையும் அவர் செய்ததெல்லாம் புது எண்ணை எழுதியதுதான். பிரிண்டர் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒரு எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டால் அது மாறவே மாறாது. ஐந்து நிமிஷ வேலை. உங்களுக்கு யாராவது அமைத்துக் கொடுத்தால், காசு கொடுப்பதற்கு முன் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டு, இரண்டு கம்ப்யூட்டரையும் மறுபடி தொடங்கி, அதற்கப்புறமும் அச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். நான் அதைச் செய்திருந்தால் அந்த 800 ரூபாய் மிச்சம்.

இதற்கிடையில் நானே ஒரு தப்பு செய்தேன். மோடம் வீட்டுக்குள்ளே இருப்பதால் முன்னறைக்கு வைஃபை சரியாக எட்டாது. அதனால்தான் அறுந்துபோகிறதோ என்று நினைத்து, 1,450 ரூபாய்க்கு ஒரு ரௌட்டர் வாங்கி என் மேசையில் வைத்து, மோடத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்துச் சொருகினேன். இணையம் வேகமாகப் பறந்தது. பிரிண்டர் சுத்தமாகச் செத்துப்போனது. இரண்டு கம்ப்யூட்டரிலும் நெட் வருகிறது, பிறகு ஏன் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை என்று இரண்டு வாரம் குழம்பினேன். விஷயம் இதுதான்: புது ரௌட்டரில் தனி நிறத்தில் இருக்கும் 'வான்' (WAN) துளையில் கேபிளைச் சொருகினால், அது தனக்குக் கீழே ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கிவிடும். அவளுடைய எண் 192.168.1 என்று தொடங்கியது, என்னுடையது 192.168.0 என்று. ஒரே வீட்டுக்குள் நடுவில் ஒரு சுவர் எழுப்பிய மாதிரி. இணையத்துக்கு இரண்டு பேரும் வெளியே போகலாம், ஆனால் மோடத்தோடு இருக்கும் அவளால் சுவருக்கு உள்ளே இருக்கும் என் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. புது ரௌட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு, அதாவது தனி நெட்வொர்க் உண்டாக்காமல் மோடத்தின் நெட்வொர்க்கையே நீட்டிக் கொடுக்கும் முறைக்கு, மாற்றியதும் சுவர் போனது. அந்த முறை இல்லாத ரௌட்டர் என்றால், முதலில் அதன் சொந்த எண்ணை மோடத்தின் வரிசைக்குள் யாருக்கும் போகாத ஓர் எண்ணாக மாற்றி, அது எண் கொடுக்கும் வேலையை, அதாவது டிஹெச்சிபியை, நிறுத்திவிட்டு, கேபிளை 'லேன்' (LAN) துளையில் சொருக வேண்டும். இரண்டு கம்ப்யூட்டரின் எண்ணிலும் முதல் மூன்று பகுதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன அலுவலகத்துக்கு அந்தச் சோதனை போதும். 'கெஸ்ட்' வைஃபையில் ஒரு கம்ப்யூட்டர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

ஆனால் அந்த இரண்டு வாரக் குழப்பத்தில் இன்னொரு செலவும் செய்துவிட்டேன். யூஎஸ்பி பிரிண்டரை நெட்வொர்க் பிரிண்டராக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று, பிரிண்ட் சர்வர் என்பார்கள், 2,750 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். எங்கள் பிரிண்டரில் அது வேலை செய்யவில்லை. அச்சு அனுப்பினால் விளக்கு மட்டும் மின்னும், தாள் நகராது. இங்கேதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. கடைகளில் நாம் பார்க்கும் விலை குறைந்த லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்குப் பக்கத்தைத் தானே உருவாக்கும் திறன் கிடையாது. கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் பக்கம் முழுவதையும் புள்ளி புள்ளியாக வரைந்து அனுப்புகிறது, போகும்போதும் வரும்போதும் பிரிண்டரோடு பேசிக்கொண்டே இருக்கிறது. இவற்றை ஹோஸ்ட் பேஸ்டு அல்லது ஜிடிஐ பிரிண்டர் என்பார்கள். இந்தப் பேச்சுவார்த்தை சாதாரணப் பிரிண்ட் சர்வர் பெட்டிகள் பலவற்றுக்குப் புரியாது. விற்பனைப் பக்கத்தில் 'எல்லா யூஎஸ்பி பிரிண்டருக்கும் பொருந்தும்' என்று இருந்ததை நம்பிவிட்டேன். பெட்டி தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண் பெயரோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள். எனக்குத் திருப்பி அனுப்பும் கெடுவும் தாண்டிவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு நானே உட்கார்ந்தேன். அதுவரை செய்த தப்பு, எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்காமலே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தது. அன்று ஒரு நோட்டை வைத்துக்கொண்டு வரிசையாகப் போனேன். முதலில் ஒரு கம்ப்யூட்டரால் இன்னொன்றை எட்ட முடிகிறதா? கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து இரண்டு எண்களையும் எழுதினேன். ரௌட்டர் சுவர் அப்போதுதான் கண்ணில் பட்டது, அதைச் சரிசெய்தேன். பிறகு அவளுடையதிலிருந்து என் எண்ணுக்கு 'பிங்' (ping) கொடுத்தேன், அதாவது இருக்கிறாயா என்று கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. காரணம், என் விண்டோஸ் அந்த வைஃபையைப் 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருந்தது. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பதுபோல எல்லாக் கதவையும் மூடிக்கொண்டிருந்தது. நம் சொந்த நெட்வொர்க் என்றால் அதைப் 'பிரைவேட்' என்று மாற்றி, கோப்பு மற்றும் பிரிண்டர் பகிர்வை இயக்க வேண்டும். மாற்றியதும் பதில் வந்தது. கம்ப்யூட்டரில் தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் இதே அமைப்பு ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள்.

அடுத்தது, எட்ட முடிந்தாலும் உள்ளே விடுகிறதா? அவள் கம்ப்யூட்டரின் ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு (\) போட்டு என் எண்ணை அடித்தேன். அது திறந்தபோது எனக்குத் திக்கென்றது. பிரிண்டர் மட்டும் தெரியும் என்று நினைத்தால், என் டி டிரைவ் முழுவதும் அங்கே திறந்து கிடந்தது. சர்வீஸ் தம்பி, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முழு டிரைவையும் எல்லோருக்கும் பகிர்ந்து, கடவுச்சொல் கேட்பதையும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். எத்தனையோ வருஷத்துப் பத்திரங்கள், வந்தவர்களின் ஆதார் நகல்கள், பான் அட்டைகள், உயில்கள்கூட அதில் இருந்தன. எங்கள் வைஃபை கடவுச்சொல்லோ, காத்திருக்கும் வாடிக்கையாளர் கேட்டால் சொல்லிவிடுகிற வழக்கம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். பிரிண்டரைப் பகிர டிரைவைப் பகிரத் தேவையே இல்லை. யார் வந்து அமைத்தாலும் அவர் போனதும் இந்த இரண்டு சாய்கோடு சோதனையைச் செய்து, என்னென்ன தெரிகிறது என்று பார்த்துவிடுங்கள்.

டிரைவ் பகிர்வை எடுத்துவிட்டு, கடவுச்சொல் கேட்பதைத் திரும்பப் போட்டேன். உடனே அவளுடைய கம்ப்யூட்டர் உள்ளே விட மறுத்தது. என் விண்டோஸ் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது. கடவுச்சொல் இல்லாத கணக்கை வைத்துக்கொண்டு நேரில் நுழையலாம், நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது. நான்கு இலக்கப் பின் எண் வைத்திருந்தாலும் அதுவும் இங்கே செல்லாது. பலரும் இங்கேதான் சலித்துப்போய்ப் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். என் கம்ப்யூட்டரில் அச்சுக்கென்றே ஒரு சாதாரணக் கணக்கு தொடங்கி, நல்ல கடவுச்சொல் வைத்து, அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் அவள் கம்ப்யூட்டரில் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஒருமுறை சேமித்துவிட்டேன். அதற்கப்புறம் அது கேட்பதே இல்லை.

கடைசியில் பிரிண்டரைச் சேர்க்கப் போனால், பூஜ்யங்களாக வந்து 11பி என்று முடிகிற ஒரு பிழை எண். இதைத் தேடினால் ஆயிரம் வீடியோ வருகிறது. எல்லாம் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலில், ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கச் சொல்கின்றன. கொஞ்சம் படித்துப் பார்த்தேன். விண்டோஸின் அச்சுப் பகுதியில் இருந்த ஓட்டைகளை அடைக்க 2021-இல் அடுத்தடுத்து அப்டேட்கள் வந்தன. அந்த வருஷம் செப்டம்பருக்குப் பிறகு, பகிர்ந்த பிரிண்டரோடு பேசும்போது கூடுதல் பாதுகாப்பு கட்டாயமாகிவிட்டது. இரண்டு பக்கமும் அப்டேட் ஆகியிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஒன்று புதிதாகவும் ஒன்று பழையதாகவும் இருந்தால் முட்டிக்கொள்ளும். என்னுடையது வருஷக்கணக்கில் அப்டேட்டை நிறுத்திவைத்திருந்த கம்ப்யூட்டர். ரெஜிஸ்ட்ரி மாற்றம் அந்த ஓட்டையைத் திரும்பத் திறப்பதுதான், அதனால் அதைத் தொடவில்லை. என் கம்ப்யூட்டருக்கு அப்டேட்டை ஓடவிட்டேன், மணிக்கணக்கில் ஆகும்போல இருந்தது. அதுவரைக்கும் வேறு வழியில் போனேன். அவள் கம்ப்யூட்டரில் முதலில் பிரிண்டரின் டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து நிறுவினேன். பிறகு பிரிண்டரைச் சேர்க்கும் இடத்தில் நெட்வொர்க் பிரிண்டர் என்று கொடுக்காமல், லோக்கல் பிரிண்டர் என்று தேர்ந்து, புதிதாக ஒரு 'லோக்கல் போர்ட்' உருவாக்கி, போர்ட்டின் பெயர் கேட்கும் இடத்தில் இரண்டு பின்சாய்கோடு, என் எண், ஒரு பின்சாய்கோடு, பிரிண்டரின் பகிர்வுப் பெயர் என்று அடித்தேன். பகிர்வுப் பெயரை இடைவெளி இல்லாமல் சின்னதாக வைத்துக்கொண்டால் அடிக்கும்போது தப்பு வராது. சோதனைத் தாள் வந்தது. இந்த வழியில் தாள் தீர்ந்தது, சிக்கியது என்ற செய்திகள் அவள் திரையில் வராது, அது ஒன்றுதான் குறை. மணி ராத்திரி பதினொன்றேகால். அந்தத் தாளை இன்னும் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாங்குபவர் வீட்டார் எட்டு பேர் முன்னறையில். 5,000 ரூபாய் முத்திரைத்தாளைப் பிரிண்டரின் முன்துளையில் வைத்துவிட்டு, அச்சு கொடுக்கும் முன் பெயர் எழுத்து ஒருமுறை சரிபார்க்கலாம் என்று வாங்குபவர் பக்கம் திரும்பினேன். பின்னால் பிரிண்டர் உறுமியது. நான் இன்னும் அனுப்பவே இல்லையே என்று திரும்புவதற்குள் தாள் வெளியே வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் சூடு ஆறாத முத்திரைத்தாளின் மேல் யாரோ ஒருவருடைய பட்டா நகல், சர்வே எண், புஞ்சை தீர்வை எல்லாம் அழகாக அச்சாகி இருந்தது. உள்ளறையிலிருந்து அவள் அனுப்பியது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. எங்கள் பிரிண்டர் முன்துளையில் தாள் இருந்தால் யார் அனுப்பியது என்று பார்க்காது, அதைத்தான் முதலில் இழுக்கும். அந்தத் தங்கச்சி ஓடி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நானாக்கா?" என்று கேட்டு அழுதேவிட்டாள். மாமா சட்டைப்பையிலிருந்து சொந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு முத்திரைத்தாள் விற்பனையாளரிடம் வேகமாக நடந்தார். பத்து மணி இருபத்து நான்கு நிமிஷத்துக்குக் கையெழுத்து ஆனது. எழுபதைத் தாண்டியவர் அப்படி மூச்சிரைக்க நடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு பிசைகிறது. வீணான முத்திரைத்தாளுக்குப் பணம் திரும்பப் பெற வழி உண்டு, 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் விண்ணப்பித்து இன்னும் காத்திருக்கிறோம்.

முத்திரைத்தாள், காசோலை, சான்றிதழ்த் தாள் என்று விலை உள்ள தாளில் அச்சடிக்கிற எந்த இடத்திலும் பிரிண்டரைப் பொதுவாக்கினால் இந்த ஆபத்து கூடவே வருகிறது. எந்த வீடியோவிலும் இதை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. இதற்கு நான் கண்ட வழி: ஒரே பிரிண்டரை என் கம்ப்யூட்டரில் இரண்டு பெயரில் சேர்த்தேன். இரண்டும் ஒரே யூஎஸ்பி போர்ட்டுக்குத்தான் போகும். 'வெள்ளைத்தாள்' என்ற பெயரில் இருப்பதை மட்டும் அவளுக்குப் பகிர்ந்தேன், நானும் சாதாரண வேலைக்கு அதையே பயன்படுத்துகிறேன். 'முத்திரை' என்ற பெயரில் இருப்பதைப் பகிரவில்லை, அது என்னிடம் மட்டும், லீகல் அளவில். முத்திரைத்தாளைக் கையில் எடுக்கும் முன் 'வெள்ளைத்தாள்' வரிசையைத் திறந்து 'பாஸ்' (pause) கொடுத்து நிறுத்திவைத்துவிடுவேன், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலை இருந்தால் அது முடியும்வரை பொறுப்பேன். அவள் அனுப்புவது வரிசையில் காத்திருக்கும். பத்திரம் வெளியே வந்ததும் திறந்துவிட்டால் அவளுடையது தானாக வரும்.

மற்றவை சில்லறை. பிரிண்டர் மாட்டிய கம்ப்யூட்டர் தூங்கினால் அடுத்த அறையில் அச்சு நிற்கும், அதனால் தூங்கும் நேரத்தை 'நெவர்' என்று வைத்திருக்கிறேன். வேலை நடுவில் சிக்கிக்கொண்டு அழியாமல் நின்றால், சர்வீசஸ் பட்டியலில், அச்சு வரிசையை நடத்தும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே இருக்கும் கோப்புகளை அழித்து, ஸ்பூலரைத் திரும்ப ஓடவிட்டால் போதும். பிரிண்டர்ஸ் ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள், உள்ளே இருப்பவற்றை மட்டும். புதிதாகப் பிரிண்டர் வாங்கும் நிலையில் இருப்பவர்கள், பின்னால் கேபிள் சொருக ஈதர்நெட் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். அதற்கென்று ஒரு ஐபி எண் ஒதுக்கினால் இந்தப் பகிர்வு வேலையே வேண்டாம், யார் கம்ப்யூட்டரும் யாருக்காகவும் விழித்திருக்கத் தேவையில்லை. ஆனால் முத்திரைத்தாள் வைக்கிற இடமாக இருந்தால், அதில் பாஸ் கொடுக்க நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் பழைய பிரிண்டரையே வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்குப் பார்த்தேன். சர்வீஸுக்கு 1,400, ரௌட்டருக்கு 1,450, பெட்டிக்கு 2,750, முத்திரைத்தாளுக்கு 5,000, மொத்தம் 10,600 ரூபாய். ரௌட்டர் ஒன்றுதான் இன்னும் உழைக்கிறது. பெட்டி அலமாரியில் கிடக்கிறது.

வரிசையை நிறுத்திவைத்தால் போதும்தான். ஆனாலும் முத்திரைத்தாளை எடுக்கும்போதெல்லாம் உள்ளறைப் பக்கம் திரும்பி, "தாள் வச்சிருக்கேம்மா" என்று குரல் கொடுத்துவிடுகிறேன். "சரிக்கா" என்று பதில் வந்த பிறகுதான் தாளைத் துளையில் விடுகிறேன்.